31ஆம் நாளுக்குப் பெயர்கள், ஆட்டத்திவசத்துக்கு வாழ்க்கை

கேள்வி:

வணக்கம். என் அம்மம்மா இரண்டு கிழமைக்கு முன் 88 வயதில் காலமானார். முதலில் முல்லைத்தீவுப் பக்கத்திலும் பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலுமாக 1959 முதல் 1997 வரை ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். ஊருக்கே ‘ரீச்சரம்மா’. அம்மப்பா 1974இல் திடீரென்று இறந்த பிறகு, தன் ஐந்து பிள்ளைகளையும், தாயை இழந்த தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே சம்பளத்தில் வளர்த்தெடுத்தார். கலியாணமோ காணியோ வெளிநாட்டுப் பயணமோ, அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கும் பொறுப்பு என் தலையில். கனடாவில் இருக்கிற பெரிய மாமா வேறு யாரோ ஒருவரின் கல்வெட்டை அனுப்பி, “இதில பேரை மாத்திப் போடு, காணும்” என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. பழைய படங்கள் எல்லாம் 95 இடப்பெயர்வோடு போய்விட்டன. மிஞ்சியது அவருடைய சான்றிதழ்ப் பையும் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியும்தான். அந்தக் கொப்பியில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘காலமைச் சாப்பாடு இல்லை’, ‘கண் தெரியவில்லை, முன் வாங்கு’, ‘கொப்பி 2 கொடுத்தது’ என்று குறித்து வைத்திருக்கிறார்.

இரண்டு சிக்கல். சின்ன மாமா இயக்கத்துக்குப் போய் 1991இல் இறந்தவர். அம்மம்மா எங்களிடம் அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று வீடு இரண்டுபட்டு நிற்கிறது. மற்றது, அம்மம்மா வகுப்பில் நன்றாக அடிப்பாராம். அதை எழுதுவதா, விடுவதா?

– ஒரு பேர்த்தி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பெரிய மாமாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி.

எங்கள் பக்கத்தில் 31ஆம் நாள் கல்வெட்டுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து வந்து, வீட்டுக்கிருத்தியத்துக்குக் கூடியவர்கள் மதியம் சாப்பிட்டுப் போகும்போது கையில் கொண்டுபோகிற புத்தகம் அது. படம், திதி வெண்பா, தேவார திருவாசகம், வம்சாவளி, நன்றி நவிலல். இந்த வரிசையை மாற்றிப் புதுமை செய்ய இரண்டு கிழமை போதாது, தேவையும் இல்லை. திதி வெண்பாவை வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். தமிழ் ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, நாலும் நாலு அடிக்குள் வந்துவிடும். இருபது வருடம் கழித்து ரொறன்ரோவில் திவசம் கொடுக்கப் போகிற பிள்ளை அதைப் பார்த்துத்தான் நாள் கேட்கும். தமிழ் ஆண்டு சித்திரையில்தான் மாறும் என்பதை மறந்து, தை, மாசியில் இறந்தவர்களுக்கு அடுத்த ஆண்டின் பெயரைப் போட்ட கல்வெட்டுகள் அச்சகத்தில் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில வேளை திதி இடறும். உங்கள் கோயில் ஐயர் எதைப் பார்க்கிறாரோ அதையே வையுங்கள்.

ஆகவே 31ஆம் நாளுக்கு மரபுப்படி 24 பக்கத்தில் ஒன்று. வாழ்க்கை வரலாறு என்று இரண்டே பக்கம், பிழையில்லாத ஆண்டுகளோடு. இரவல் அடைமொழி வேண்டாம். கடைசி உள்பக்கத்தில் ஓர் அறிவித்தல் போடுங்கள்: ஆட்டத்திவசத்துக்கு (முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு) ரீச்சரம்மாவின் நினைவு மலர் வரும், அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் ஒரு சம்பவம், ஒரு படம் தந்து உதவுங்கள், இதுதான் தொலைபேசி இலக்கம் என்று. அவரை அறிந்த சனம் இவ்வளவு பேர் ஒரே முற்றத்தில் இனிக் கூடப்போவதில்லை. வாசலில் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். பெயர், எந்த வருடம் எந்த வகுப்பு, தொலைபேசி இலக்கம், அவ்வளவு எழுதினால் போதும்.

இனி மலருக்கு வருவோம். எழுத ஒன்றும் ஓடவில்லை என்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அந்த சி.ஆர். கொப்பி வந்த இடத்திலிருந்து கண் நகரவில்லை. ‘கண் தெரியவில்லை, முன் வாங்கு’ என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதை வீட்டில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மொக்கு என்றுதான் மற்றவர்கள் முடிவுகட்டியிருப்பார்கள். முன் வாங்கில் இருத்தியதோடு விட்டாரா, தகப்பனைக் கூப்பிட்டுச் சொன்னாரா, கண்ணாடி வாங்கிக் கொடுத்தது யார்? அந்தப் பிள்ளை இன்றைக்கு வளர்ந்த ஆள், ஊரில் விசாரித்தால் கிடைக்கும். ‘கொப்பி 2 கொடுத்தது’ என்பது எந்த மாதம்? தவணை தொடங்கும் மாதமா, மழைக்குக் கூலிவேலை நின்ற மாதமா? எல்லாவற்றுக்கும் திகதி இருந்தால் வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்த வருடத்தில் பசிக் குறிப்புகள் கூடுகின்றன என்று தெரியவரும். ‘அன்பானவர்’ என்று எழுத நீங்கள் தேடுகிற ஆதாரம் முழுக்க அதற்குள் கிடக்கிறது.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமாக மலரில் போடுங்கள், ஆனால் பிள்ளைகளின் பெயரை மறையுங்கள். காலமை சாப்பிடாமல் வந்த பிள்ளை இன்றைக்கு ஊரில் கடை முதலாளியாக இருக்கலாம், மருமக்கள் எடுத்தவராக இருக்கலாம். அவரே முன்வந்து “அது நான்தான், போடு” என்றால் போடுங்கள். அம்மம்மா அதைத் தன் கொப்பிக்குள் வைத்திருந்தது ஊருக்குக் காட்ட இல்லை.

ஆட்களிடம் கதை கேட்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். அம்மம்மாவின் வயதொத்தவர்கள் முதலில். சகோதரம், கூடப் படிப்பித்த ரீச்சர்மார், பக்கத்து வளவுக் கிழவி, யார் மிச்சமோ அவர்களிடம் இந்த மாதமே போங்கள். மாணவர்கள் ஆறுதலாகக் கிடைப்பார்கள். “ரீச்சர் எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கோயில் திருவிழா மைக்கில் பேசுவது போல ஒன்று வரும். எந்த வாங்கில் இருந்தீர்கள், அவர் என்ன நிறச் சேலை உடுப்பார், பிரம்பை எங்கே வைப்பார், ‘ழ’ எழுத எப்படிக் கை பிடித்துக் காட்டினார், பிழை விட்டால் என்ன சொல்லிப் பேசுவார் என்று கேளுங்கள். அவருடைய பேச்சைச் சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் எழுதித் தரச் சொன்னால் ஆறு மாதம் இழுக்கும். வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் குரலில் பேசி அனுப்பச் சொல்லுங்கள், அன்றிரவே வந்துவிடும். அவரிடம் முதல் எழுத்து எழுதி ஏடு தொடக்கியவர்களையும் விடாதீர்கள். விஜயதசமிக்கும் தைப்பூசத்துக்கும் அரிசித் தட்டோடு அவர் வீட்டு வாசலில் நின்ற குடும்பங்கள் இருக்குமே. பள்ளிக்கூட இடாப்பில் இல்லாத மாணவர்கள் அவர்கள்.

கூடவே ஒரு ஆபத்தும் வரும். மலர் வருகிறது என்று தெரிந்ததும் பிரமுகர்களின் அனுதாபச் செய்திகள் வரத் தொடங்கும். அதிபர், கோயில் தலைவர், சனசமூக நிலையம், தேர்தல் கேட்கிற ஒருவர். ஆளுக்கொரு பக்கம், எல்லாவற்றிலும் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’. மறுக்க முடியாது, உறவு கெடும். எல்லாரையும் ஒரே பக்கத்தில் இரண்டிரண்டு வரியாகப் போட்டு, மேலே ‘அனுதாபச் செய்திகளிலிருந்து’ என்று தலைப்பு வையுங்கள். நாங்கள் அச்சகத்தில் செய்வது அதுதான், இதுவரை யாரும் கோபித்ததில்லை. மிச்சமாகும் பக்கங்கள் மாணவர்களுக்கு.

வீட்டுப் பக்கத்துக்கு வருவோம். ‘கணவனை இழந்தும் கலங்காது ஏழு பிள்ளைகளை ஆளாக்கினார்’ என்று ஒரு வரியில் கடந்துபோகிற கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எப்படி ஆளாக்கினார்? 1974இல் ஒரு ஆரம்ப வகுப்பு ஆசிரியையின் சம்பளத்தில் ஏழு வயிறு எப்படி நிறைந்தது? அரிசியும் மாவும் கூப்பனுக்கு வந்த காலம், பாணுக்கு வரிசை நின்ற காலம் அது. பின்னேரம் ரியூசன் கொடுத்தாரா, காசு வாங்கினாரா, வாங்காமல் விட்டவர்கள் யார்? சீட்டுப் பிடித்தாரா? தாலிக்கொடி எத்தனை தரம் வங்கிக்குப் போய் வந்தது? மாடு, ஆடு, கோழி, வெங்காயத் தோட்டம், எதிலிருந்து என்ன வந்தது? சான்றிதழ்ப் பைக்குள் பழைய அடகுத் துண்டு ஒன்றாவது கிடக்கும், தேடுங்கள். உங்கள் அம்மா “எங்கட கஷ்டத்தை ஏன் ஊருக்குச் சொல்லவேணும்” என்பார். அப்படிச் சொன்னால் வற்புறுத்த வேண்டாம், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எதை அச்சில் போடுவது என்று பிறகு பார்க்கலாம். சீதனக் காணி யாருக்கு எழுதப்பட்டது என்ற கதையை மட்டும் மலருக்குள் கொண்டுவராதீர்கள். அது நீதிமன்றத்துக்குரிய இலக்கியம்.

அவர் எடுத்த முடிவுகளில் இரண்டு மூன்றை விரிவாக எழுதலாம். தம்பி பிள்ளைகளைக் கூட்டி வந்த நாள் யாருக்கு நினைவிருக்கிறது? அந்த இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள்? வளர்ப்புப் பிள்ளைகளைக் கேட்காமல் பெற்ற பிள்ளைகளிடம் மட்டும் கேட்டு எழுதும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பந்தியில் யாருக்கு முதலில் பரிமாறப்பட்டது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

சான்றிதழ்ப் பையில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது, சனம் கையில் எடுத்தது காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், படிப்புச் சான்றிதழ். அல்பம் பாரம், வீட்டில் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பையே ஒரு வாழ்க்கை வரலாறு. முதல் நியமனக் கடிதத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அவர் வேலைக்குச் சேர்ந்த 1959இல் அவருடைய பள்ளிக்கூடம் மனேஜர் நடத்தியதாக இருந்தால் மனேஜர் கையெழுத்தும், பிறகு கல்வித் திணைக்களத்தின் இன்னொரு கடிதமும் கிடைக்கலாம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அவருக்கு எட்டு வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு மறித்து வீட்டில் இருத்தப்படவேண்டிய பெண் மேலே படித்தது அதனாலா, பிடிவாதம் பிடித்த ஒரு தாயாலா? வயதொத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கலியாணத்துக்கு முன் தனிப் பெண்ணாக முல்லைத்தீவுப் பக்கம் போனாரென்றால் யார் வீட்டில் தங்கினார், லீவுக்கு ஊருக்கு எப்படி வந்தார் என்பதும் பெரிய கதை. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் முறை வந்தபோது அவரிடம் ஆனா எழுதிய பிள்ளைகளில் யாருக்குப் பல்கலைக்கழகம் தப்பிப்போனது? தென்மராட்சியில் அகதியாக இருந்த அந்த மாதங்களில் மர நிழலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்தாரா, சும்மா இருந்தாரா? சும்மா இருந்தாலும் எழுதலாம், அவருக்கு அப்போது 58 வயது.

அவர் படிப்பித்த பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள். அதிபர்மார் தினமும் எழுதியது, சில இடங்களில் தப்பியிருக்கிறது. ஓய்வூதியக் கோப்பு உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும், வீட்டிலும் பிரதி இருக்கவேண்டும். திகதிகளுக்கு அதையே நம்புங்கள். பிறந்த திகதி மட்டும் பத்திரத்தில் ஒன்றும் சாதகத்தில் ஒன்றுமாக இருந்தால் திடுக்கிட வேண்டாம், அந்தத் தலைமுறையில் அது சாதாரணம். சாதகத்தில் உள்ளதைப் போட்டு, மற்றதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

இனிச் சின்ன மாமா. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வம்சாவளியில் அவர் பெயர் இருக்கவேண்டும். ஐந்து பிள்ளை பெற்றவரின் கல்வெட்டில் நாலு பெயர் நின்றால், வருகிற ஊர்ச்சனம் முதலில் எண்ணுவது அதைத்தான். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, மற்றப் பிள்ளைகளுக்கு என்ன எழுத்தோ அதே எழுத்தில். சீருடைப் படமும் அடைமொழியும் வேண்டுமா என்பதில் கனடாவும் லண்டனும் முடிவெடுக்கக் கூடாது. நாளைக்கு யாராவது படலையில் வந்து நின்று கேள்வி கேட்டால் பதில் சொல்லப்போவது ஊரில் இருக்கிறவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மலரில் இன்னும் கொஞ்சம் போகலாம். அவர் பேசவில்லை என்றால், பேசவில்லை என்றே எழுதுங்கள். செய்தி வந்த பிறகு எப்போது பள்ளிக்கூடம் திரும்பினார், அந்த வருட வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரிடம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று கூடப் படிப்பித்தவர்களிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் நாலு வரி போதும். கிடைக்காவிட்டால் கற்பனையால் நிரப்ப வேண்டாம்.

அடிக்கிற விஷயத்தை எழுதுங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று நியாயம் கட்டி எழுதாதீர்கள், ‘அன்பினால் அடித்தார்’ என்று சர்க்கரையும் பூசாதீர்கள். பள்ளிக்கூடங்களில் பிரம்பைத் தடுத்துக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005இல், அம்மம்மா ஓய்வுபெற்று எட்டு வருடத்துக்குப் பிறகு. அவர் காலத்தில் அது வழமை என்பது உண்மை. அடிபட்ட பிள்ளைக்கு நொந்தது என்பதும் உண்மை. அடிபட்ட ஒருவரே சொல்லட்டும், அவர் வாயால் வந்ததை அப்படியே போடுங்கள். சிரித்துக்கொண்டு சொல்பவர் ஒருவர், இன்னும் மறக்காத ஒருவர், இரண்டும் கிடைத்தால் நல்லது. இரண்டாமவர் பெயர் போட விரும்பாவிட்டால் ‘ஒரு மாணவி’ போதும். பயந்து ஒளித்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான், முன் வாங்குக் கதையை வாசிப்பவர் நம்புவார்.

படங்கள் போய்விட்டன என்று கையை விரிக்க வேண்டாம். உங்கள் வீட்டில்தான் போயின. 83 கலவரத்துக்கு முன்பின்னாக வெளிநாடு போன உறவுகளுக்கு உங்கள் வீட்டிலிருந்து கலியாணப் படம், பிறந்தநாள் படம் தபாலில் போயிருக்கும். அவர்களின் அல்பங்களைக் கிளறச் சொல்லுங்கள். மாணவர்களிடம் வகுப்புக் குழுப்படம் இருக்கும், நடுக் கதிரையில் அவர் இருப்பார். ஒன்றுமே இல்லையென்றால் அடையாள அட்டைப் படம். சிறு படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யவேண்டும். போனில் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். வட்ஸ்அப்பில் அனுப்புபவர்களிடம் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுருங்கி வரும், அச்சில் முகம் கலங்கும். ஒட்டும் தாள் அல்பத்தில் இருப்பவற்றைப் பிய்த்து எடுக்கவேண்டாம், அப்படியே வைத்து ஸ்கேன் செய்யலாம். யார் யார் என்று படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள், பேனையால் எழுதினால் முன்பக்கம் ஊறும்.

அச்சக விஷயத்தில் ஒன்றே ஒன்று. நீங்கள் யுனிகோட்டில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள், பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும், கிரந்த எழுத்து உடையும். பெயர்கள்தான் அடிபடும். கணினித் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல் தாளில் புரூவ் எடுத்து, ஒருவர் மரண அறிவித்தலைப் பார்த்துப் பெயர்களை வாசிக்க மற்றவர் புரூவில் கோடு போடவேண்டும். மருமக்கள் பெயர் விடுபட்டால் வருடக் கணக்கில் கேட்க வேண்டிவரும். பக்க எண்ணிக்கையை நாலின் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பின் அடிக்க அதுதான் வசதி.

இரண்டு புத்தகமும் வந்ததும் பிடிஎவ் கோப்புகளை நூலக நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 2005இல் தொடங்கியதிலிருந்து ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி எல்லாரும் வாசிக்க இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மலர் அச்சுக்குப் போகும் முன்பே அங்கே போய்ப் பத்து மலர்களையாவது புரட்டிப் பாருங்கள், எதைச் செய்யக்கூடாது என்பதும் சேர்த்துப் பிடிபடும். அச்சுப் பிரதியில் ஒன்று யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு, ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று முல்லைத்தீவில் அவர் முதலில் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு. அந்த மூன்றாவதைத் தபாலில் விடாமல் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.